பட்டினிக் கிருமி

"இதோ வந்துட்டா பாருங்க, என் கன்னுக்குட்டிங்களுக்குக் கிருமி குடுத்தவ!"

பிறந்தநாள் விருந்து நடந்த மண்டபத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ஊனா ட்ரெலோர் போட்ட சத்தத்தில், தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்றிருந்த அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளெனிஸுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கையில் கேக் டப்பா, தோளில் நனைந்த மழைக்கோட்டு. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவிலிருந்து முதல் நாளே கிளம்பி, வழியில் ஒரு விடுதியில் படுத்தெழுந்து, கொரம்புரா ஊருக்கு மேலே மலைப்பாதையில் மழையோடு மழையாக ஏறி வந்திருந்தாள். வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

"எண்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் அந்த வாய் குறையலையா ஊனா?" என்றாள்.

"வாய்தான் மிச்சம். முட்டி போச்சு, காது பாதி போச்சு. கிட்ட வா பொண்ணே, உன் மூஞ்சியப் பாக்கறேன். அடியே, உனக்கும் நரைச்சுடுச்சா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஊனாவின் பேத்தி ஒருத்தி கிளெனிஸின் கையில் தேநீரைத் திணித்துவிட்டு, "பாட்டி சொல்றது நிஜமா? நீங்க உயிரோட கிருமி குடுத்தீங்களா?" என்று கேட்டாள். கிளெனிஸ் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் என்ன சொல்வது? தேங்காய்த்தூள் பூசிய கேக்கும் சாஸேஜ் ரோலும் மணந்த அந்த மண்டபத்தில், ஈரக் கம்பளி உடைகளிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வாசனைதான் அவளை எங்கேயோ இழுத்துக்கொண்டு போனது. ஈரக் கம்பளி, சூடான பால், கிருமிநாசினி. அவளுடைய முப்பத்திரண்டாவது வயதின் வாசனை அது.

அந்த வயசுக்கு முந்தின வருஷக் குளிர்காலத்தில்தான் கிளெனிஸ் முதன்முதலாக ட்ரெலோர் பண்ணைக்கு வந்தாள். மலைக்குக் கீழே இருந்த கால்நடை ஆய்வு நிலையத்தில் அவள் மருத்துவராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊனாவின் கணவர் நெவ் ஃபோன் செய்து, "எங்க கன்னுங்க வரிசையா விழுந்துக்கிட்டிருக்கு, யாரையாவது அனுப்புங்க" என்றார். அவளை அனுப்பினார்கள்.

கன்றுக் கொட்டிலின் பின்பக்கம், தகரக் கூரையின் தாழ்வாரத்தில், செத்த கன்றுகளைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார் நெவ். எல்லாம் பிறந்து ஓரிரு வாரம் ஆனவை. முதல் நாள் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பும். மறுநாள் காய்ச்சலும் ரத்தம் கலந்த கழிச்சலும். அதற்கடுத்த நாள் கண் குழிந்து, காது சில்லிட்டு, படுத்த இடத்திலேயே கிடக்கும். கிளெனிஸ் மழையில் மண்டியிட்டு ஒன்றை அறுத்துப் பார்த்தாள். குடலின் நிறத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சால்மொனெல்லா. மாட்டு மந்தைக்குள் ஒரு தடவை நுழைந்துவிட்டால், வெளியே பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற பசுவின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு, ஒவ்வொரு ஈற்றுக் காலத்திலும் கன்றுகளைத் தின்னும் கிருமி.

"இதுக்கு ஊசி ஒண்ணும் இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டார் நெவ். அந்த 'அம்மா'வில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. பொம்பளை டாக்டர் வந்ததை அவர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

"இருக்கு. கொன்ன கிருமியில செஞ்ச ஊசி. ஆனா சின்னக் கன்னுக்கு அது அவ்வளவா வேலை செய்யாது."

"அப்ப எதுக்குங்க அத வச்சிருக்கீங்க?"

கிளெனிஸ் அறுத்த கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். ஊனா ஒரு பக்கமாக நின்று, யாரையும் பார்க்காமல், பால் வாளிகளைக் கொதிக்கிற தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஒரே வாளியைத் திரும்பத் திரும்ப அலசினாள்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கிளெனிஸ் லாட்ஸியிடம் போனாள்.

லாட்ஸி ஆய்வு நிலையத்தின் நுண்ணுயிர் ஆள். ஹங்கேரியில் பிறந்தவன். அங்கே நடந்த கலவரத்தின்போது பையனாக எல்லை தாண்டி, கப்பலேறி, குடும்பத்தோடு மெல்போர்னில் வந்து இறங்கியவன். ஆங்கிலம் சரளம், ஆனால் கோபம் வந்தால் மட்டும் தாய்மொழி வந்துவிடும். அவனுடைய மேசை முழுக்கக் கிருமிகளை வளர்க்கும் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அவனுக்கு ஒரு யோசனை ரொம்ப நாளாகவே இருந்தது.

"செத்த கிருமியக் காட்டினா உடம்பு ஏன் கத்துக்கணும்? பொணத்தக் காட்டி இவன்தான் திருடன்னு சொன்னா யாரு பயப்படுவா? உயிரோட இருக்கறவன அனுப்பணும். ஆனா அவன் வீட்டுக்குள்ள போய் ரெண்டு நாள் சுத்திட்டு, தானா செத்துடணும்."

"எப்படிச் சாவான்?"

"பட்டினி போடலாம்."

அவன் விளக்கியது இதுதான். அந்தக் கிருமிக்குத் தன் உடம்பைக் கட்டிக்கொள்ள ஒரு சரக்கு வேண்டும். அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிக்கிற வித்தையை மட்டும் அதனிடமிருந்து பிடுங்கிவிட்டால், வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் பிழைக்கும். ஆய்வுக்கூடத்துத் தட்டில் கொடுக்கலாம். கன்றின் உடம்புக்குள் அது கிடைக்காது. ஆக, உள்ளே போன கிருமி கொஞ்சம் பெருகும், கொஞ்சம் அலையும், பசித்துச் சாகும். அதற்குள் கன்றின் உடம்பு எதிரியின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளும்.

சொல்ல எளிது. லட்சக்கணக்கான கிருமிகளில் அந்த வித்தையை இழந்த ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்கு லாட்ஸி வெல்வெட் துணியைப் பயன்படுத்தினான். அந்தச் சரக்கு கலந்த தட்டில் கிருமிகளை வளர்ப்பான். புள்ளி புள்ளியாக வரும். வெல்வெட்டை அதன்மேல் ஒற்றி எடுத்து, சரக்கு இல்லாத தட்டில் ஒற்றுவான். அதே வரிசையில் புள்ளிகள் முளைக்கும். முதல் தட்டில் முளைத்து, இரண்டாம் தட்டில் காணாமல் போன புள்ளி எதுவோ, அதுதான் பட்டினிக்காரன். பக்கத்து ஊரான லியோங்காதாவில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த அம்மாள், "மாசாமாசம் கறுப்பு வெல்வெட் வாங்கறீங்களே தம்பி, நாடகக் கொட்டகை எதும் கட்டறீங்களா?" என்று கேட்டாளாம். அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்ததை, கிளெனிஸிடம் நடித்துக் காட்டினான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து நிலையத்தின் தலைவர் ஆட்லி எட்டிப் பார்த்தார்.

அந்த மாதங்கள்தான் எத்தனை நல்ல மாதங்கள்! பிறகு கான்பெராவில் பெரிய பதவி, பெரிய அறை, ஜன்னலுக்கு வெளியே ஏரி எல்லாம் வாய்த்தன. ஆனால் விடிந்தும் விடியாமலும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடியது அந்த மலையடிவாரத்தில் மட்டும்தான். தட்டுகளைக் கதகதப்பில் வைக்கும் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த வெதுவெதுப்பான புளித்த வாடை. இரண்டு தலைகள் ஒரே தட்டின்மேல் குனியும். "இது இருக்கு... இது இருக்கு... இது? இது எங்க போச்சு?" என்று ஒருவர் விரலை ஒருவர் பின்தொடர்ந்து தேடுவார்கள். வெளியே கூக்கபராப் பறவை மனுஷச் சிரிப்பு போலக் கொக்கரிக்கும். அது தன்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறது என்று லாட்ஸி தினமும் புகார் செய்வான்.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. முதலில் கிடைத்த கிருமி போதுமான அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லை. நிலையத்துக் கொட்டிலில் அதைக் குடித்த கன்றுகளில் இரண்டு செத்தன. லாட்ஸி நாள் முழுக்கத் தாய்மொழியிலேயே பேசினான். அடுத்தது அதற்கு நேர்மாறு: கன்றின் வயிற்றுக்குள் போனதுமே ஒழிந்துபோனது, எந்தப் பாடமும் நடக்கவில்லை. மூன்றாவதாகக் கிடைத்ததுதான் அளவாக இருந்தது. குடித்த கன்றுகளுக்கு ஒரே ஒரு நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் மந்தம். மறுநாளே வாளியை முட்டின. பிறகு நிஜக் கிருமியைக் கொடுத்தபோதும் நின்றன. தடுப்பு மருந்து குடிக்காமல் நிஜக் கிருமியை மட்டும் குடித்தவை விழுந்தன. அப்படி விழுவதைப் பார்ப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். கிளெனிஸ் பார்த்தாள். பழகவில்லை.

அடுத்த குளிர்காலம் வந்தபோது, இனி ஒரு நிஜப் பண்ணையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டம். ஆட்லி அரை மனதோடுதான் சம்மதித்தார். கிளெனிஸும் லாட்ஸியும் ட்ரெலோர் வீட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்தார்கள்.

"அதாவது," என்றார் நெவ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "போன வருஷம் என் கன்னுங்களக் கொன்ன அதே பயல, இந்த வருஷம் நீங்க பால்ல கலந்து குடுக்கப் போறீங்க."

"அதே பயல்தான். ஆனா பல்லப் பிடுங்கியாச்சு," என்றான் லாட்ஸி.

"திரும்பப் பல்லு முளைச்சா என்ன பண்ணுவீங்க, ப்ரொஃபஸர்?"

"ரெண்டு இடத்துல பிடுங்கியிருக்கோம். ஒண்ணு முளைச்சாலும் இன்னொண்ணு முளைக்காது."

"நான் ஃபுட்ஸ்க்ரே ஃபுட்பால் டீம் ரசிகன். இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்னு எனக்கும் வருஷாவருஷம் சொல்றாங்க."

ஊனா அப்போதுதான் பேசினாள். "நெவ், நீ கொஞ்சம் சும்மா இரு. போன வருஷம் தார்ப்பாயத் தூக்கிப் பாத்தது நீயா நானா? இந்தப் பொண்ணு செய்யட்டும்." பிறகு கிளெனிஸைப் பார்த்து, "எல்லாக் கன்னுக்கும் குடுப்பீங்கதானே?" என்றாள்.

அங்கேதான் சிக்கல். பாதிக்குத்தான் கொடுப்பார்கள். கொடுத்ததற்குக் காதில் மஞ்சள் பட்டை, கொடுக்காததற்கு நீலப் பட்டை. எல்லாவற்றுக்கும் கொடுத்து எல்லாம் பிழைத்தால், பிழைத்தது மருந்தாலா, அந்த வருஷத்து நல்ல வெயிலாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கிளெனிஸ் இதை எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், சொல்லி முடித்தபோது ஊனாவின் முகம் இறுகியிருந்தது.

"எதுக்கு மஞ்ச, எதுக்கு நீலம்னு யாரு முடிவு பண்றது?"

"காசு சுண்டிப் போடுவோம்," என்றான் லாட்ஸி.

"பிறந்து ஒரு நாள் ஆன உயிருக்குக் காசு சுண்டறதா!"

ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுண்டும்போது மட்டும் கொட்டிலைவிட்டு வெளியே போய்விடுவாள்.

கன்றுகள் பிறக்கப் பிறக்க, கிளெனிஸ் தினமும் வந்தாள். பால் கறந்து முடிந்ததும், வெதுவெதுப்பான பாலில் லாட்ஸி தந்துவிட்ட திரவத்தைக் கலந்து, மஞ்சள் பட்டைக் கன்றுகளுக்கு வாளியில் வைப்பாள். வாளியில் குடிக்கத் தெரியாத கன்றுக்கு விரலைச் சப்பக் கொடுத்து, மெல்ல மெல்லக் கையைப் பாலுக்குள் இறக்க வேண்டும். ஊனா அதில் கெட்டிக்காரி. இரண்டு பெண்களும் தோளோடு தோள் உரச வைக்கோலில் உட்கார்ந்து, ஊர் வம்பு பேசிக்கொண்டே பால் குடிக்க வைத்தார்கள். சகோதரி இல்லாத கிளெனிஸுக்கு அந்தக் காலை நேரங்கள் என்னவோ செய்தன. அம்மாவிடம் பேசாததை எல்லாம் அவள் ஊனாவிடம் பேசினாள்.

ஒரு நாள் ஊனாவின் செல்லப் பசு கிடேரிக் கன்று ஒன்றை ஈன்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. காசு நீலத்தில் விழுந்தது. வாரம் திரும்புவதற்குள் கொட்டிலில் நீலப் பட்டைகள் பால் குடிக்காமல் முகம் திருப்பத் தொடங்கின. பழைய கிருமி வந்துவிட்டது. மறுநாள் கிளெனிஸ் வந்தபோது அந்தச் சுட்டிக் கன்றைக் காணோம். துணி துவைக்கும் அறையில், வெந்நீர்க் கொப்பரைக்குப் பக்கத்தில், பழைய போர்வைமேல் படுத்திருந்தது.

"இங்க கதகதப்பா இருக்கும்," என்றாள் ஊனா, கண்ணைப் பார்க்காமல். "கணக்குல நீலம்னே எழுதிக்கோ. நான் மருந்து ஒண்ணும் குடுக்கல. மடியில வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

"கைய நல்லாக் கழுவு ஊனா."

"நான் பொறந்ததுலேருந்து கையக் கழுவிக்கிட்டுதான் இருக்கேன்."

அடுத்த சில நாளில் ஊனா படுத்துவிட்டாள். காய்ச்சல், நடுக்கம், நிற்காத கழிச்சல். நெவ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சால்மொனெல்லா என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி மலையிலிருந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் காலையிலேயே பால் வண்டிக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: ஆய்வு நிலையத்துக்காரர்கள் கன்றுக்குக் கொடுத்த உயிர்க்கிருமி ஊனாவைப் பிடித்துக்கொண்டதாம். பெட்ரோல் போட நின்ற இடத்தில் ஒருவர் கிளெனிஸின் காரருகே வந்து, "அந்தம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்துடாதீங்க," என்றுவிட்டுப் போனார். மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதுதான் சுட்டது.

ஆட்லி இருவரையும் கூப்பிட்டார். "அந்தம்மா உடம்புல இருக்கறது நம்ம கிருமின்னா, நாளைக்கே எல்லாத்தையும் கொதிக்க வச்சு ஊத்திடுங்க. இன்னொரு தடவை இந்தப் பேச்சே கூடாது."

"நம்ம கிருமி இல்லன்னா?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

"இல்லன்னு காட்டுங்க."

காட்டுவதற்கு வழி இருந்தது. ஊனாவின் உடம்பிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியை ஆஸ்பத்திரி கொடுத்துவிட்டது. லாட்ஸி அன்று பிற்பகல் அதை இரண்டு தட்டுகளில் கோடு கோடாக இழுத்தான். ஒன்றில் அந்தச் சரக்கு உண்டு, ஒன்றில் இல்லை. இரண்டிலும் முளைத்தால் அது யாரும் மாற்றாத காட்டுக் கிருமி. ஒன்றில் மட்டும் முளைத்தால் அவர்களுடைய பட்டினிக் கிருமி. இன்குபேட்டர் கதவைச் சாத்திவிட்டு அவன், "இனி நம்ம கையில ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போ," என்றான்.

அவள் வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி இருந்தது. பொழுது சாய்கிற நேரம். மேல்மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. அதில் எந்த ஜன்னல் ஊனாவுடையது என்று தேடிக்கொண்டே காரை மெதுவாக்கியபோதுதான், தான் என்ன வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது கிளெனிஸுக்கே உறைத்தது. முளைக்க வேண்டும். இரண்டு தட்டிலும் முளைக்க வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். முளைத்தால் என்ன அர்த்தம்? ஊனாவின் உடம்பில் இருப்பது பசித்துச் சாகிற கிருமி இல்லை. கன்றுகளைக் கொல்கிற கிருமி. ரத்தத்தில் ஏறினால் மனிதரையும் விடாதது. தன்னோடு தோள் உரச வைக்கோலில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கிருமி இருக்கட்டும் என்றா வேண்டிக்கொள்வது?

காரை ஓரமாக நிறுத்தினாள். வேண்டுதலை மாற்றிப் பார்த்தாள். முளைக்காதே, முளைக்காதே என்று வாய்விட்டே சொன்னாள். வாய்தான் சொன்னது.

காலையில் அவள் போனபோது லாட்ஸி ஏற்கெனவே வந்திருந்தான். தட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்திருந்தான். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. அவளுக்காகக் காத்திருந்தான். சேர்ந்து குனிந்தார்கள். இரண்டு தட்டுகளிலும், கோடு இழுத்த இடமெல்லாம், மழைக்குப் பின் புல் போலக் கிருமி செழிப்பாக முளைத்திருந்தது.

லாட்ஸி நிம்மதியாக மூச்சுவிட்டான். விட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நீயும் இதத்தான் வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டான்.

"ஆமா."

"நானும்தான்."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஆட்லியிடம் தட்டுகளைக் காட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குச் சொன்னார்கள், அங்கே ஊனாவின் மருந்தை மாற்றினார்கள். ஊரில் யார் யார் நம்பினார்களோ தெரியாது.

ஊனா பிழைத்தாள். ஆனால் லேசில் பிழைக்கவில்லை. கிருமி இடுப்பெலும்பு வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. வாரக் கணக்கில் கட்டிலோடு கிடந்து, பாதி ஆளாகி எழுந்தாள். கண் தெளிந்து முதல் முறை பார்க்க அனுமதித்தபோது, கிளெனிஸ் நெவ்வோடு போனாள். தலையணையில் புதைந்திருந்த சின்ன முகம் முதலில் கேட்டது, "சுட்டி எப்படி இருக்கா?"

நெவ் தொப்பியைக் கையில் வைத்து விளிம்பைச் சுற்றிக்கொண்டே, "நல்லாத் தூங்கறா," என்றார்.

"நெவ்."

"ம்."

"உனக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருஷமா வரல."

நெவ் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஊனா கண்ணை மூடினாள். கன்றுகளுக்காக அவள் அழுது கிளெனிஸ் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் சத்தமில்லாமல். பிறகு கண்ணைத் திறக்காமலே, "மஞ்சப் பட்டைங்க?" என்றாள்.

"நிக்குதுங்க. ஒண்ணு போச்சு. மத்ததெல்லாம் வாளிய முட்டிக்கிட்டு நிக்குதுங்க," என்றாள் கிளெனிஸ்.

"அப்ப என்னைப் பிடிச்சது உங்க பயல் இல்ல."

"இல்ல ஊனா. பழைய கிருமிதான். சுட்டிகிட்டேருந்து."

ஊனா கண்ணைத் திறந்து அவளை நேராகப் பார்த்தாள். உலர்ந்த உதட்டில் ஒரு குறும்பு ஓடியது. "அந்தத் தட்டப் பாக்கற வரைக்கும் நீ என்ன வேண்டிக்கிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும்டி."

கிளெனிஸ் போர்வை விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நானா இருந்தாலும் அதத்தான் வேண்டியிருப்பேன். ஒரு வருஷ உழைப்பு. போ, போய்ப் பொழப்பப் பாரு. அடுத்த வருஷம் எல்லாக் கன்னுக்கும் மஞ்சதான் போடணும், சொல்லிட்டேன். காசு சுண்டற வேலையெல்லாம் என் கொட்டில்ல இனிமே கிடையாது."

அப்படியே நடந்தது. அடுத்த வருஷம் ட்ரெலோர் பண்ணையிலும் அந்த மலையில் இன்னும் சில பண்ணைகளிலும் எல்லாக் கன்றுகளுக்கும் கொடுத்தார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் எச்சரித்தவரே ஆள் அனுப்பி, தன் பண்ணையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்று குளிர்காலம், அந்தப் பக்கத்தில் தார்ப்பாய்கள் மடித்தபடியே கிடந்தன. பிறகு ஆய்வு நிலையத்தை வேறொன்றோடு இணைத்தார்கள். லாட்ஸியின் கிருமி உறைபெட்டிக்குள் போனது. வெளிநாடுகளில் வேறு ஆட்கள் வேறு வழியில் செய்த மருந்துகள் வந்தன. அவற்றில் சில இதைவிட நல்லவை. கிளெனிஸ் அதற்காக வருத்தப்பட்டதில்லை. கான்பெராவுக்குப் போகிற வேலை வந்தபோது அவள் போனாள். லாட்ஸி இங்கேயே தங்கினான். புத்தாண்டு வாழ்த்து அட்டைகள் சில வருஷம் வந்துகொண்டிருந்தன. பிறகு அவன் இறந்த செய்தி வந்தது; அது கைக்குக் கிடைத்தபோது அடக்கம்கூட முடிந்திருந்தது.

மண்டபத்தில் கேக் வெட்டி, பாட்டுப் பாடி, கூட்டம் கலையத் தொடங்கியதும் ஊனா கிளெனிஸின் கையைப் பிடித்தாள். "என்னப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போ. பையன் கூட்டிட்டுப் போனா, குளிரும்மா குளிரும்மான்னு உடனே திருப்பிக் கொண்டாந்து விட்டுடறான்."

நெவ் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஊனா இப்போது ஊருக்குள் சின்ன வீட்டில் இருந்தாள். பண்ணை மகன் கையில். காரை மேய்ச்சல் வேலியோரமாக நிறுத்தினார்கள். மழை தூறலாகக் குறைந்திருந்தது. கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து காரை லேசாக ஆட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம், அந்த வருஷத்துக் கன்றுகள் மேட்டின்மேல் கூட்டமாக நின்றிருந்தன.

"உன் ஹங்கேரிக்காரன் வருவான், தெரியுமா?" என்றாள் ஊனா.

"எங்க?"

"இங்கதான். நீ போனப்புறம். ஒவ்வொரு வசந்தத்துக்கும் வருவான். கிருமியப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டான். கொட்டில்ல பெட்டியக் கவுத்துப் போட்டு உக்காந்து கன்னுங்களப் பாப்பான். அப்புறம் வந்து என் பிளம் ஜாம் முழுக்கத் தின்னுடுவான். நெவ்வுக்கும் அவனுக்கும் ஃபுட்பால்ல சண்டை. கடைசி வரைக்கும் அவனுக்கு ரூல் பிடிபடல."

கிளெனிஸ் மேட்டிலிருந்த கன்றுகளைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவன் அந்த நிலையத்தின் மேசையிலேயே குனிந்திருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த லாட்ஸி, தலை நரைத்த லாட்ஸி, ஜாம் தின்கிற லாட்ஸி. அவள் பார்க்காமலே போன வசந்தங்கள் எத்தனை!

"என்னப் பத்தி ஏதாவது சொல்வானா?"

"நான் ஒரு தடவ கேட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட உனக்கு என்னடா பிடிச்சுதுன்னு. பட்டுனு கேட்டாத்தானே பதில் வரும்." ஊனா போர்வையை முட்டிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஜோக்கு முடியறதுக்குள்ளயே சிரிச்சுடுவா, அதனால பாதி ஜோக்கு எனக்கு மிச்சம்னான்."

கிளெனிஸ் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினாள்.

"ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

"நீ எங்க வந்த, சொல்றதுக்கு?" ஊனா கடுமையாகச் சொல்லவில்லை. "சரி, இப்ப வந்துட்டேல்ல."

ஊனாவின் மகன் மேட்டின்மேல் வண்டியில் வருவது தெரிந்தது. அவன் பின்னால் பால்தொட்டி குலுங்கிக்கொண்டு வந்தது. கன்றுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அவனை நோக்கி ஓடின. ஊனா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். குளிர் உள்ளே பாய்ந்தது.

"டேய்! அந்தக் கேட்ட ஒழுங்காச் சாத்துடா! போன வாரமும் தொறந்து போட்டுட்டுத்தான் போயிருக்க!"

காற்று அவள் குரலை வேறு பக்கம் கொண்டுபோனது. அவனுக்குக் கேட்கவில்லை; பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டினான்.

"பாரு இவன," என்றாள் ஊனா, திருப்தியாக. கிளெனிஸ் காரின் சூட்டைக் கூட்டினாள். இருவரும் கன்றுகள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.